நீலகிரியில் நாற்பது பேருக்கு ஒரு கலை மாலை: பெருங்கொடை திரட்ட முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் அறக்கட்டளை நடத்துகிறவர்கள் நன்கொடை வேண்டுமென்றால் கீழே இறங்கிப் போவதுதான் வழக்கம். கோவையில் மண்டபம் பிடித்து, முந்நூறு பேரைக் கூப்பிட்டு, மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி முடித்தால் செலவு போகக் கையில் நிற்பது கொஞ்சம்தான். பெரிய தொகை கொடுக்கக்கூடிய குடும்பங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்து பாதியில் எழுந்து போயிருப்பார்கள். அவர்களோடு இரண்டு வார்த்தை பேசக்கூட நேரம் கிடைத்திருக்காது.

அந்தக் குடும்பங்களில் நாற்பது பேரை மட்டும் மலைக்கு வரவழைத்து, ஒரு பழைய பங்களாவில் நல்ல இசை கேட்கவைத்து, சூடாகச் சாப்பாடு போட்டு, நேருக்கு நேர் கேட்பது முற்றிலும் வேறு வேலை. அதற்கு ஆறு மாதத் தயாரிப்பு வேண்டும். ஆனால் சரியாகச் செய்தால், வாசிக்க வந்த கலைஞரின் மதிப்பும் நம் பிள்ளைகளின் மதிப்பும் ஒரு மாற்றுக் குறையாமல் பணம் கேட்க முடியும். இந்த வழிகாட்டியில் சொல்லும் ஒவ்வொரு ஏற்பாடும் அதை மனத்தில் வைத்துத்தான்.

பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கோத்தகிரி வட்டாரப் பழங்குடிக் கிராமங்களில் மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சிறு அறக்கட்டளை. அடுத்த மூன்று ஆண்டுக்கு ஆசிரியர் சம்பளம், பிள்ளைகளின் சிற்றுண்டி, ஜீப் வாடகை எல்லாம் சேர்த்து 40 லட்சம் ரூபாய் வேண்டும்.

எதற்குப் பணம் என்பதை முதலில் எழுதுங்கள்

இடமும் பாடகரும் பிறகு. “எங்கள் பணிகளுக்கு ஆதரவு தாருங்கள்” என்று கேட்டால் பத்தாயிரம் ரூபாய் காசோலை வரும், ஒரு கும்பிடும் வரும். “ஒரு மையத்தை ஓராண்டு நடத்த இவ்வளவு ஆகிறது, எட்டு மையங்களில் மூன்றுக்குப் பணம் இருக்கிறது, ஐந்துக்கு இல்லை” என்று சொன்னால், கேட்கிறவர் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். திருப்பூர் ஏற்றுமதியாளரும் கோவை மில் குடும்பமும் தொழிலில் நாள் முழுக்கப் பார்ப்பது அடக்கவிலைதான். அவர்களிடம் அடக்கவிலையைச் சொல்லுங்கள்.

40 லட்சத்தை நாற்பது பேருக்குச் சமமாகப் பிரித்து ஆளுக்கு ஒரு லட்சம் என்று போடாதீர்கள். அப்படி எங்கும் வருவதில்லை. ஒருவர் 10 லட்சம், இருவர் ஐந்தைந்து, நான்கு பேர் மூன்று மூன்று, மீதி எட்டு லட்சம் சிறு தொகைகளாக என்று ஒரு படிக்கட்டு வரையுங்கள். முதல் ஏழு படியில் யார் யார் என்று பெயர் எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் இந்த ஆண்டு கலை மாலை வேண்டாம். அந்த ஆறு மாதத்தில் அந்த ஏழு குடும்பங்களைத் தேடிப் பழகுங்கள். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

செலவு யார் தலையில் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். சாப்பாட்டை ஒருவர், கலைஞர் சன்மானத்தை ஒருவர், தங்குமிடத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டால், “இன்று நீங்கள் கொடுக்கும் பணம் முழுவதும் படிப்பு மையத்துக்கே போகிறது” என்று அன்று மாலை தலைநிமிர்ந்து சொல்லலாம். மொத்தச் செலவு இலக்கில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நிகழ்ச்சியைச் சுருக்குங்கள். ஒரு கம்பெனி “எங்கள் சி.எஸ்.ஆர். (கம்பெனியின் சமூகப் பணி) நிதியிலிருந்து விருந்துச் செலவைத் தருகிறோம்” என்று சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஒருநாள் நிகழ்ச்சிக்கான ஆதரவு சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது; பிற்பாடு அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். அதே கம்பெனி ஒரு மையத்தை ஓராண்டு நடத்தித் தரட்டும். அது சேரும்.

யாரை அழைப்பது, எப்படி அழைப்பது

நாற்பது பேர் என்பது பதினெட்டு இருபது குடும்பங்கள். கணவன் மனைவி இருவரையும் சேர்த்தே அழையுங்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பெரிய கொடை என்பது வீட்டில் பேசி எடுக்கும் முடிவு. இரவு அறைக்குப் போன பிறகு அம்மா “அந்தப் பிள்ளைகளுக்கு நாம செய்யலாங்க” என்று சொல்வதில்தான் பல காசோலைகள் பிறக்கின்றன.

பட்டியலில் மூன்று வகையினர் இருக்கட்டும். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் பாதிப் பேர். அவர்கள் கையைப் பிடித்து அழைத்துவரும் புதியவர்கள் அடுத்த கால்பங்கு. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீடு வாங்கிக் குடியேறிய ஓய்வுபெற்றவர்கள், எஸ்டேட்காரர்கள், நீலகிரியின் உழவர் சமூகமான படகர்களில் ஊரில் மதிப்புள்ள குடும்பங்கள் மீதிப் பேர். இந்த மூன்றாம் வகையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மலையிலேயே வாழ்கிறவர் கூட்டத்தில் இருந்தால், “இவர்கள் சொல்வது உண்மை, நான் தினமும் பார்க்கிறேன்” என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வார். அதற்கு ஈடாக எந்தக் குறும்படத்தையும் போட்டுக்காட்ட முடியாது.

அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு அழைப்பதுபோல நேரில் போங்கள். முதலில் ஒரு போன்: “ஐயா, வணக்கங்க. பிப்ரவரியில கோத்தகிரியில சின்னதா ஒரு கச்சேரி வைக்கிறோங்க. நாற்பது பேர்தான். நீங்களும் அம்மாவும் கட்டாயம் வரணும். நேர்ல வந்து சொல்றேங்க.” பிறகு அறக்கட்டளையிலிருந்து ஒருவரும், அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே தெரிந்த கொடையாளர் ஒருவரும் சேர்ந்து போய், பழம் வைத்து அழையுங்கள். அன்று மாலை நன்கொடை கேட்கப்படும் என்பதை அப்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அழைப்பிதழிலும் ஒரு வரி இருக்கட்டும். கச்சேரி என்று கூப்பிட்டுவிட்டு வந்த இடத்தில் கையேந்தினால் விருந்தினருக்கு அது வலை விரித்ததுபோலத் தோன்றும். அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்கள்.

நுழைவுச்சீட்டு விற்காதீர்கள். பத்தாயிரத்துக்குச் சீட்டு வாங்கியவர் தன் கடமை தீர்ந்தது என்று நிம்மதியாகிவிடுவார். சீட்டுக்குக் கொடுக்கும் பணம் சாப்பாட்டுக்கும் கச்சேரிக்குமான விலையாகிவிடுவதால் நன்கொடை ரசீது எழுதுவதிலும் குழப்பம் வரும்.

நாள் குறித்தல்

மலையில் நாள் குறிப்பது பாதி நிகழ்ச்சி. அக்டோபர் பின்பாதி, நவம்பர் இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் எல்லா உழைப்பும் வீண். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர் பக்கம் கொட்டும் மழை. டிசம்பர் முழுக்கச் சென்னையில் மார்கழிக் கச்சேரிகள். நல்ல கலைஞர் கிடைக்க மாட்டார். அதையொட்டிப் படகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும், உள்ளூர் நண்பர்கள் யாரும் கையில் இருக்க மாட்டார்கள். ஏப்ரல், மே சீசனில் சாலையே நகராது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் சீசன் காலத்துக்கு நாள் ஒன்றுக்கான வாகன உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. சீசனில் வைப்பதானால், ஏற்கெனவே மலைவீட்டில் வந்து தங்கியிருப்பவர்களை மட்டும் நம்பி வையுங்கள்.

மிஞ்சுவது இரண்டு சாளரங்கள். செப்டம்பரின் இரண்டாம் சீசன் ஒன்று, பிப்ரவரி இரண்டாம் பாதி ஒன்று. நான் பிப்ரவரிக்கே வாக்களிப்பேன். வானம் தெளிவாக இருக்கும். ஊட்டி அளவுக்குக் கோத்தகிரியில் உறைபனி வாட்டாது. மார்ச் 31-க்குள் வரிக்கணக்கை முடிக்க நினைப்பவர்கள் கையில் காசோலைப் புத்தகத்தோடு இருக்கும் காலம் அதுதான். மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டால் ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் யாரும் வர மாட்டார்கள். வளர்பிறை முகூர்த்த நாட்களைத் தவிர்த்துச் சனிக்கிழமை வையுங்கள். இ-பாஸ் வேலையை விருந்தினர் தலையில் விடாமல், வண்டி எண் வாங்கி நீங்களே எடுத்து அனுப்பிவிடுங்கள்.

பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வரி தனியாக எழுதுங்கள்: பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். இது தெரியாமல் தாமதமாகக் கிளம்பிச் சோதனைச்சாவடியில் இரவைக் கழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இடம்

மரத்தரையும் உயரமான கூரையும் உள்ள பழைய எஸ்டேட் பங்களா கிடைத்தால் விடாதீர்கள். அப்படிப்பட்ட கூடத்தில் நாற்பது பேருக்கு மைக்கே வேண்டாம். மைக் இல்லாமல் ஒரு நல்ல குரலைப் பத்தடி தூரத்தில் கேட்கும் அனுபவம் இன்றைக்குப் பெரும் பணக்காரர்களுக்கும் கிடைப்பதில்லை. நீங்கள் அவர்களுக்குத் தரக்கூடிய அரிய பொருள் அதுவே. கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டு, நடக்க வழியும் விட்டு, ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். சாய்மானம் உள்ள நாற்காலிகள்தான் வேண்டும். குளிரில் ஜமக்காளத்தில் உட்காரவைத்தால் வயதானவர்கள் அரை மணி நேரத்தில் நெளிவார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் மடித்த சால்வை ஒன்று கிடக்கட்டும்.

கணப்படுப்பை நம்பினால், ஒரு வாரம் முன்பே விறகு போட்டு மூன்று மணி நேரம் எரித்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் எரிக்காத புகைப்போக்கியில் பறவைக் கூடும் கரியும் அடைத்திருக்கும். அடைப்பு இருந்தால் பத்து நிமிடத்தில் புகை கூடத்துக்குள் திரும்பும். முதலில் இருமத் தொடங்குகிறவர் பாடகராகத்தான் இருப்பார்.

வெளியே போவோம். கோத்தகிரியில் இரவில் கரடி வரும், காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்குள் நின்றுகொண்டிருக்கும், குன்னூர்ப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் சாதாரணம். ஆகவே வண்டிகள் வாசற்படி வரை வந்து ஏற்றி இறக்க வேண்டும். நூறு மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு இருட்டில் நடக்கவிடக் கூடாது. டார்ச்சோடு எஸ்டேட் ஆட்கள் நான்கு பேர் கடைசி வண்டி போகும்வரை இருக்கட்டும். கரடிக்கு எண்ணெய் வாசம் பிடிக்கும். சமையல் கழிவையும் எண்ணெய் டின்னையும் அன்றிரவே மூடிய அறைக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் பங்களாவுக்குப் பின்பக்கம், சத்தம் கூடத்துக்கு வராத தூரத்தில். எஸ்டேட்டுக்குள் செல்போன் சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் திட்டமிடுங்கள். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இதய நோய், மூச்சுத்திணறல் உள்ள விருந்தினர் இருந்தால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு டாக்டரையும் விருந்தினராகவே அழைத்துவிடுங்கள்.

எல்லோரையும் அன்றிரவு மலையிலேயே தங்கவையுங்கள். பனிமூட்டத்தில் இரவு பத்து மணிக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும் என்ற கவலை இருப்பவர் ஏழரை மணிக்கே கைக்கடிகாரம் பார்ப்பார். நீங்கள் கேட்கப்போகும் நேரமும் அதுதான்.

கலைஞர்கள்

இங்கே நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. நீலகிரி என்றதும் பலருக்கும் தோன்றும் யோசனை, பழங்குடி ஆட்டம் ஒன்றை வைத்து விருந்தினரையும் கைகோத்து ஆடவிட்டுப் படம் எடுப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளும் வாழும் மாவட்டம் இது. அவர்களுடைய இசை மலைரயில்போலச் சுற்றுலா அம்சம் கிடையாது. பெரும்பகுதி தெய்வத்தோடும் சாவோடும் கட்டுண்டது. கோத்தர்களிடம் தெய்வத்துக்கான மெட்டு வேறு, சாவுக்கான மெட்டு வேறு. ஒன்றை மற்றதன் இடத்தில் வாசிக்க மாட்டார்கள். எதை வெளியார் முன் வாசிக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள். “ஏதாவது கலகலப்பா பத்து நிமிஷம்” என்று நீங்கள் கேட்கக் கூடாது.

முறை இதுதான். நான்கு மாதம் முன்பே ஊருக்குப் போங்கள். என்ன நிகழ்ச்சி, யார் வருகிறார்கள், பணம் எதற்கு என்று முழுவதும் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் கூடிப் பேசிப் பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். இல்லை என்றால் இல்லைதான். இரண்டாம் முறை வற்புறுத்த வேண்டாம். சரி என்றால் சென்னையிலிருந்து வரும் பாடகருக்கு எந்த மரியாதையோ அதே மரியாதை: வீட்டு வாசலிலிருந்து வண்டி, உடை மாற்ற அறை, விருந்தினரோடு அதே பந்தியில் சாப்பாடு, மேடையில் பெயர் சொல்லி அறிமுகம், பேசிய சன்மானம் நிகழ்ச்சிக்கு முன்பே கையில். கலைஞரிடம் “நல்ல காரியம்தானே, குறைச்சுக்குங்க” என்று பேரம் பேசுகிற பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. செல்வந்தரிடம் கேட்கக் கூச்சப்பட்டு ஏழைக் கலைஞரிடம் தள்ளுபடி கேட்பது எந்த வகையிலும் நியாயமில்லை. அவராக முன்வந்து குறைத்தால் வேறு கதை.

கோத்தர் இசைக்குக் கூடம் சரிப்படாது. கொள் என்கிற அந்தக் குழலின் ஓசை நாலு சுவருக்குள் காதை அடைக்கும். புல்வெளியில் வையுங்கள். பக்கத்திலேயே நெருப்பு மூட்டித் தாருங்கள். அது விருந்தினர் குளிர்காய்வதற்காக என்று நினைத்துவிட வேண்டாம். மலைக்காற்றின் ஈரத்தில் தப்பட்டையின் தோல் தளர்ந்துவிடும்; வாசிப்பவர்கள் அதை நெருப்புக்கு நேராகப் பிடித்து, திருப்பித் திருப்பிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மந்தமாக விழுந்த ஓசை கொஞ்சங்கொஞ்சமாக இறுகி, சட்டென்று கணீரென்று எழும். அதுவரை தேநீர்க் கோப்பையோடு பேசிக்கொண்டிருந்த கூட்டம் தானாகவே திரும்பிப் பார்க்கும். அப்படிக் காய்ச்சுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், விருந்தினர் கண்ணெதிரிலேயே நடக்கட்டும். அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு கூடத்துக்குள் கர்நாடக இசையோ தேவாரப் பண்ணோ, ஒரே ஒரு நிகழ்ச்சி, ஐம்பது நிமிடம். அதற்கு மேல் அடுக்க வேண்டாம். சமவெளிக் கலைஞர்களை முந்தின நாளே மேலே வரச் சொல்லுங்கள். குரல் குளிருக்குப் பழக ஓர் இரவாவது வேண்டும். மிருதங்கமும் ஈரத்தில் இறங்கும், வயலின் நரம்பும் அசையும். வாத்தியங்களை வாசிக்கப்போகும் அறையிலேயே மதியத்திலிருந்து வைத்துவிட்டால் சுருதி சேர்ப்பது எளிது. பாடுகிறவருக்குப் பக்கத்தில் பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும். ஹீட்டரை அவர் முகத்துக்கு நேரே திருப்பாதீர்கள், தொண்டை வறண்டுவிடும்.

விருந்தினருக்கு நினைவுப்பொருள் கொடுப்பதானால் தோடர் பெண்கள் தைக்கும் பூவேலைத் துணி ஒன்று போதும். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான கம்பளி நூல். கோடு வரையாமல், துணியின் இழைகளை எண்ணியெண்ணித் தைப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை இது. கடையில் கிடைக்கும் எந்திர நகல்களை வாங்காமல், மந்து என்கிற தோடர் குடியிருப்புக்கே போய்ப் பெண்களிடம் சொல்லுங்கள். ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஐந்து மாதம் முன்பே சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட வேண்டும். எல்லோருக்கும் சால்வை கட்டுப்படியாகாது. புத்தகக் குறி, சிறு பை போன்றவற்றையும் தைத்துத் தருகிறார்கள்.

பழனி மலைப்பக்கம் நடத்துகிறவர்களுக்கும் இதே விதிகள்தான். அங்கே பளியர் குடிகளிடம் பேசுங்கள், பந்தியில் கொடைக்கானல் மலைப்பூண்டும் விருப்பாட்சி மலைவாழையும் இருக்கட்டும். மழைநாட்களில் வத்தலகுண்டு, பழனி என்ற இரண்டு மலைச்சாலைகளின் நிலவரத்தையும் முந்தின நாளே கேட்டு விருந்தினருக்குச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு

முழுக்கச் சைவம் வையுங்கள். யாருக்கும் சங்கடம் இருக்காது. மதுவும் வேண்டாம். உரிமம் வாங்கும் தலைவலி ஒருபுறம், படிப்பு மையத்துக்குப் பணம் கேட்கும் இடத்தில் அது பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். வரவேற்பில் கொதிக்கும் தேநீரும் ஊட்டி வர்க்கியும். இரவுக்குப் படகர் வீட்டுச் சமையல்: அவரை உதக்கம் என்கிற குழம்பும் ராகிக் களியும் தெரிந்த பெண்கள் நான்கு பேரைப் பிடித்தால் போதும், கீழே இருந்து கேட்டரிங் வண்டி வரவழைக்கத் தேவையில்லை. பதார்த்தங்கள் ஏழெட்டுக்கு மேல் போக வேண்டாம். மலையில் மேசைக்கு வந்த சாப்பாடு ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். அடுப்பிலிருந்து நேராகப் பரிமாறும்படி சமையலறையைப் பக்கத்தில் வையுங்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, கப் எல்லாவற்றுக்கும் தடை உண்டு. எவர்சில்வர் டம்ளர், ஜக், வாழையிலை.

மாலையின் ஒழுங்கு

4.30 மணிக்கு வரவேற்பு, தேநீர். 5.15-க்குப் புல்வெளியில் இசை. 6 மணிக்கு வெளிச்சம் குறைவதற்குள் எல்லோரும் கூடத்துக்குள். 6.10 முதல் 7 வரை கச்சேரி. 7 முதல் 7.20 வரை பேச்சும் வேண்டுகோளும். 7.30-க்கு இலை போட்டாக வேண்டும். 9 மணிக்குத் தங்குமிடத்துக்கு வண்டிகள். தலைவர் உரை, வாழ்த்துரை, நன்றியுரை, பொன்னாடை எதுவும் கிடையாது. அரசியல் பிரமுகர் யாரையாவது கூப்பிட்டால் இந்த ஒழுங்கு முழுவதும் அவர் வரும் நேரத்துக்குத் தொங்கும்.

கேட்பது

கச்சேரி முடிந்து கைதட்டல் அடங்கியதும் இரண்டு பேர் மட்டும் பேசுகிறார்கள். முதலில் மையத்தில் பாடம் நடத்தும் ஆசிரியை, ஏழு நிமிடம். எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டாம். மழைக்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு மையத்தில் என்ன நடக்கிறது, யானை நிற்கும் நாளில் பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று தான் செய்யும் வேலையைச் சொல்லட்டும். பிள்ளைகளை அழைத்துவராதீர்கள். ஒரு சிறுமியை நாற்பது பெரியவர்கள் முன் நிறுத்தித் தன் வீட்டு வறுமையைச் சொல்லவைத்தால் அன்றைக்கு இரண்டு லட்சம் கூடுதலாக வரலாம். அந்தப் பணம் நமக்கு வேண்டாம். அவள் வளர்ந்து அந்த வீடியோவைப் பார்க்கும் நாளை எண்ணிப்பாருங்கள்.

அடுத்து, கேட்கிறவர். அறக்கட்டளையின் செயலர் கேட்கக் கூடாது, சம்பளம் வாங்குகிற யாரும் கேட்கக் கூடாது. விருந்தினரில் ஒருவர், தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் கேட்க வேண்டும். ஐந்து நிமிடம். இந்த மாதிரி: “நான் ரெண்டு வருஷமா ஒரு மையத்தைப் பாத்துக்கிறேங்க. சொல்லாம போய்ப் பார்த்தேன், நடக்குது. இந்த வருஷம் ஐந்து லட்சம் எழுதியிருக்கேன். இன்னும் ஐந்து மையத்துக்கு ஆள் வேணும். உங்க நாற்காலியில ஒரு அட்டை இருக்கு. வீட்ல பேசிட்டு, உங்களால முடிஞ்சதை எழுதிக் குடுங்க.” அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவர் உட்கார வேண்டும். அடுத்த இரண்டு நிமிடம் யாரும் எதுவும் பேசாமல் இருக்கட்டும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் எழுந்து நின்று “நூறு ரூபாய் கொடுத்தாலும் சந்தோஷம்” என்று யாராவது சொல்லிவிட்டால் போயிற்று. ஐந்து லட்சம் எழுத நினைத்த கை ஐம்பதாயிரம் எழுதும்.

ஏலம் விடாதீர்கள், தொகையை ஒலிபெருக்கியில் அறிவிக்காதீர்கள். கொடுக்க முடியாதவர் கூனிக்குறுகிப்போவார். கொடுத்தவருக்குள்ளும் போட்டி வந்துவிடும். ஆனால் நிகழ்ச்சிக்கு முன்பே இலக்கில் பாதிக்கு வாக்குறுதி வாங்கி வைத்திருங்கள். முதல் மூன்று படிக்கட்டுக் குடும்பங்களைத் தனித்தனியாக அவரவர் வீட்டில் பார்த்துப் பேசி முடித்திருக்க வேண்டும். “40 லட்சத்தில் 20 வந்துவிட்டது” என்று ஆரம்பிக்கும் வேண்டுகோளுக்குக் கிடைக்கும் நம்பிக்கையே வேறு.

அட்டையில் ஐந்தே விவரம்: பெயர், முகவரி, பான் எண், தொகை, எப்போது தருவார் அல்லது எத்தனை தவணை. ஒரு பேனாவும் கூடவே. க்யூஆர் பலகை வைக்க வேண்டாம். சிக்னல் இருக்காது, யுபிஐ-யில் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும், உண்டியல் வைத்ததுபோலவும் இருக்கும். பெருந்தொகைக்குக் காசோலை, என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ்.

ரசீதும் சட்டமும்

80ஜி பதிவு உள்ள அறக்கட்டளைக்குத் தரும் கொடைக்குப் பொதுவாகப் பாதித் தொகைக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, வரிச்சலுகை உண்டு. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. ஆண்டு முடிந்ததும் கொடையாளர் விவரங்களை வருமான வரித்துறையில் தாக்கல் செய்து ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் தர வேண்டியது அறக்கட்டளையின் கடமை; அதற்குத்தான் பான் எண். மே 31 அதற்கான கெடுவாக இருந்துவந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவங்களும் வேறு. அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பவரின் விருப்பத்தை மதியுங்கள். ஆனால் கணக்கில் பெயர் இருந்தே ஆக வேண்டும்.

வெளிநாட்டு விருந்தினர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் சிங்கப்பூரில் இருந்தாலும் தன் சொந்தப் பணத்தைத் தரலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி வெளிநாட்டுக் கொடையாளர்தான். எஃப்சிஆர்ஏ பதிவும், டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. மேசையில் நீட்டும் ரூபாய் நோட்டும் இதில் சேரும். அவரை அழைப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு இருவருக்கும் தர்மசங்கடம் இல்லை.

மறுநாளிலிருந்து

ஞாயிறு காலை விருந்தினர் கிளம்பும் முன் காபி வேளையில் செயலரும் ஆசிரியையும் அங்கே இருக்கட்டும். இரவு தூங்கி எழுந்தவர்கள் கேட்கும் கேள்விகள்தான் நல்ல கேள்விகள். அட்டை தராதவர்களில் சிலர் அப்போது தருவார்கள். திங்கட்கிழமைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன், அந்த வாரத்துக்குள் ரசீதும் கையெழுத்துக் கடிதமும். கலைஞர்களுக்கும் சமைத்த பெண்களுக்கும் எஸ்டேட் ஆட்களுக்கும் எவ்வளவு திரண்டது என்று தொகையோடு சொல்லுங்கள். அவர்களும் சேர்ந்து திரட்டிய பணம் அது.

வாக்களித்த தொகை எல்லாம் தானாக வந்துவிடாது. தவணைத் தேதிக்குப் பத்து நாள் முன்பு, அட்டை எழுதியவரை அழைத்துவந்த நண்பர் மூலமாகவே நினைவூட்டுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்க அறிக்கை: எந்த மையம் திறந்தது, எது தாமதமானது, ஏன். நேரில் பார்க்க விரும்புகிறவர்களை இரண்டு மூன்று பேராக, வேலைநாள் மாலையில், ஊர்க்காரர்களின் சம்மதத்தோடு அழைத்துப் போங்கள். காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டியிருக்கும்; அதற்குச் சில வாரங்கள் முன்பே எழுதிப் போடுங்கள். மிட்டாய், பழைய துணி கொண்டுவர வேண்டாம் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்த மாலைக்கு யாரை அழைக்கலாம் என்று அந்த ஜீப் பயணத்தில் கேளுங்கள், ஆளுக்கு இரண்டு பெயராவது தருவார்கள்.